நிக்சன் வென்ற விலைவாசி, கார்ட்டர் தோற்ற விலைவாசி

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டு விலைவாசி சராசரியாக 3.2 சதவீதம் ஏறியது. 1983-இலும் அதே 3.2 சதவீதம். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். முதல் 3.2 நடப்பில் இருந்தபோது ரிச்சர்ட் நிக்சன் ஐம்பது மாநிலங்களில் 49-ஐ வென்று மறுபடி அதிபரானார். இரண்டாவது 3.2-க்கு அடுத்த ஆண்டு ரொனால்ட் ரேகனும் அதே போல 49 மாநிலங்களை அள்ளினார். ஆனால் முதலாவது, சட்டம் போட்டு அமுக்கிவைத்த எண். இரண்டே ஆண்டில் அது 11-ஆகத் திமிறி எழுந்தது. இரண்டாவது, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வேலையில்லாமல் நின்ற பிறகு தணிந்த எண். அதற்குப் பிறகு வெகுகாலம் அது பழைய உயரத்தை எட்டிப் பார்க்கவில்லை.

அமுக்கியவர் நிக்சன். தணித்த வைத்தியரைக் கூப்பிட்டவர், ரேகனிடம் தோற்றுப்போன ஜிம்மி கார்ட்டர்.

விலைவாசிக்கு அதிபரைத் திட்டுவது நியாயமா என்ற கேள்வி அமெரிக்காவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும். பொருளியல் படித்தவர்கள் கையை விரிப்பார்கள்: எண்ணெய் விலை வளைகுடாவில் முடிவாகிறது, கோதுமை விலை மழையைப் பொறுத்தது, வட்டியை ஃபெடரல் ரிசர்வ் வைக்கிறது, பாவம், அதிபர் என்ன செய்வார்? கடையில் பில் கட்ட நிற்கிறவரிடம் இந்தப் பேச்சு எடுபடாது. வீட்டுக்குப் பெரியவர் என்று ஒருவர் இருந்தால் உப்பு தீர்ந்ததற்கும் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? எனக்கு இந்த இரண்டு தரப்பு மீதும் பாதி நம்பிக்கைதான். அதிபர் செய்கிற காரியம் விலையில் நிச்சயம் தெரியும். ஆனால் அது தெரிய இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் நாற்காலியில் ஆள் மாறிவிடலாம்.

நிக்சனுக்கு விலைக் கட்டுப்பாடு என்றாலே ஆகாது. அந்த வெறுப்புக்கு ஒரு முன்கதை உண்டு. 1942-இல், போர்க்காலத்தில், இருபத்தொன்பது வயது வக்கீலாக வாஷிங்டனின் விலை நிர்வாக அலுவலகத்தில் சில மாதம் வேலை பார்த்தார். டயர் ரேஷன் பிரிவு. படிவமும் கோப்பும் அனுமதிச் சீட்டுமாக அங்கே பார்த்தது அவருக்கு நிரந்தரமாகக் கசந்துபோனது.

இன்னொரு பாடம் 1960-இல். கென்னடியிடம் மயிரிழையில் தோற்றார். தேர்தல் ஆண்டில் தொழில் மந்தமானதும் வேலையின்மை ஏறியதுமே தன்னைக் கவிழ்த்தன என்று நம்பினார். அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே, இப்படிக் கடனை இறுக்கிக்கொண்டே போனால் தேர்தல் நேரத்தில் அடி விழும் என்று அவரை எச்சரித்தவர் ஆர்தர் பர்ன்ஸ் என்ற பொருளியல் பேராசிரியர். 1970-இல் அதே பர்ன்ஸை ஃபெடரல் ரிசர்வின் தலைவராக்கினார் நிக்சன். நம் ரிசர்வ் வங்கிக்கு நிகரான அந்த அமைப்பு, சட்டப்படி அதிபர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதல்ல. பதவியேற்பு விழாவில் நிக்சன் ஒரு வேடிக்கை பேசினார்: இவருடைய சுதந்திரத்தை நான் மதிக்கிறேன், ஆனால் சுதந்திரமாகவே யோசித்து என் கருத்துதான் சரி என்ற முடிவுக்கு இவர் வருவார் என்று எதிர்பார்க்கிறேன் என்கிற மாதிரி. அது வேடிக்கை இல்லை என்று பர்ன்ஸுக்குச் சீக்கிரமே புரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விலையேற்றத்தை நிக்சன் உண்டாக்கவில்லை. லிண்டன் ஜான்சன் வியட்நாம் போரையும் பெரும் சமூகநலத் திட்டங்களையும் ஒருசேர நடத்தினார். அதற்கான வரியைப் போடக் காலம் தாழ்த்தினார். நிக்சன் பதவிக்கு வந்த 1969-இலேயே விலைவாசி ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கைக்கு வந்தது சூடான பாத்திரம்தான்.

1971-இல் வேலையின்மை ஆறு சதவீதத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு தேர்தல். பர்ன்ஸ் இன்னும் தாராளமாகப் பணத்தைப் புழங்க விட வேண்டும் என்று வெள்ளை மாளிகை விரும்பியது. அதற்காக நடந்த அற்ப வேலை ஒன்று: சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தச் சொல்லும் பர்ன்ஸ் தனக்கே சம்பள உயர்வு கேட்கிறார் என்று ஒரு பொய்ச் செய்தியை அதிபரின் ஆட்களே பத்திரிகைகளுக்குக் கசியவிட்டார்கள். நிக்சன் தன் அறையில் தானே வைத்த ஒலிப்பதிவுக் கருவி அவரை வாட்டர்கேட்டில் மாட்டிவைத்தது எல்லாருக்கும் தெரியும். பர்ன்ஸை அவர் நெருக்கிய பேச்சும் அந்த நாடாக்களில் பதிவாகியிருக்கிறது.

1971 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. கேம்ப் டேவிட் மலை விடுதியில் நிக்சன் தன் ஆலோசகர்களைக் கூட்டினார். செய்தி வெளியே போகாதபடி கட்டுக்காவல். நிதியமைச்சர் ஜான் கானலி, பர்ன்ஸ் ஆகியோரோடு, நிதித்துறையில் துணைச் செயலர் பொறுப்பில் இருந்த ஆறடி ஏழங்குல உயர மனிதர் ஒருவரும் அந்த அறையில் இருந்தார். பெயர் பால் வோல்கர். அவரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு நிக்சன் தொலைக்காட்சியில் பேசினார். நாடே பார்க்கும் ‘பொனான்சா’ தொடரை நிறுத்திவிட்டுப் பேசுவதா என்று அவருக்குத் தயக்கம் இருந்ததாம். பேசியது பொனான்சாவைவிடப் பரபரப்பானது. அந்நிய அரசுகளுக்கு அவுன்ஸ் 35 டாலர் விலையில் தங்கம் கொடுக்கும் ஜன்னல் மூடப்பட்டது. இறக்குமதிக்குப் பத்து சதவீதக் கூடுதல் வரி. தொண்ணூறு நாளுக்கு எந்த விலையும் எந்தச் சம்பளமும் ஏறக் கூடாது. (அந்த ஜன்னல் அடைபட்ட பிறகுதான் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை கட்டுத்தறியை அறுத்துக்கொண்டது. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் வரை போனது. பெண்ணுக்கு நகை சேர்க்கும் நம்மூர் அம்மாக்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் பெயர் தெரியாது, பாதிப்பு தெரியும்.)

மறுநாள் பங்குச் சந்தை துள்ளியது. மக்களுக்கும் பிடித்திருந்தது. ஒருவழியாக யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்ற நிம்மதி. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பது பழமொழி. நிக்சன் ஓர் ஆண்டுக்கு மேல் இரண்டையும் மூடிக் காட்டினார். தொண்ணூறு நாள் முடிந்ததும் சம்பளத்துக்கு ஒரு வாரியம், விலைக்கு ஓர் ஆணையம், இரண்டுக்கும் மேலே வாழ்க்கைச் செலவுக் குழு என்று ஓர் இயந்திரமே முளைத்தது. அந்தக் குழுவை நடத்தியவர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட். அவருக்கு உதவியாளர் டிக் சேனி. முப்பதாண்டு கழித்து ஈராக் போரில் நாம் கேட்ட பெயர்கள், அப்போது கடைச் சாமான் விலையைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தன.

மூடி ஒருபக்கம் இருக்க, அடுப்பில் விறகு ஏறிக்கொண்டே இருந்தது. பர்ன்ஸின் ஃபெடரல் ரிசர்வ் அந்தக் காலத்தில் பணத்தைத் தாராளமாகவே விட்டது. 1972-இல் முதியோருக்கான சமூகப் பாதுகாப்புத் தொகை ஒரேயடியாக 20 சதவீதம் ஏற்றப்பட்டது. உண்மையில் இருபது சதவீதம் கேட்டது நாடாளுமன்றம், நிக்சனுக்கு அதில் முதலில் விருப்பமில்லை. ஆனால் ஏறிய காசோலைகள் வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில், வீடுகளுக்கு வந்தபோது, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: இந்த உயர்வு நாடாளுமன்றம் இயற்றி அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் வருகிறது. பையில் படம் அச்சடித்துக் கொடுப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. நவம்பரில் மாசசூசெட்ஸ் நீங்கலாக எல்லா மாநிலமும் நிக்சனுக்கு விழுந்தது.

1973 ஜனவரியில் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆவி முகத்தில் அடித்தது. அதோடு வெளியிலிருந்தும் அடிகள். சோவியத் யூனியன் 1972-இல் அமெரிக்கக் கோதுமையைச் சந்தடியில்லாமல் பெருமளவு வாங்கிக்கொண்டு போயிருந்தது. பெரு நாட்டுக் கடலில் நெத்திலி மீன் வரத்து அற்றுப்போனதால் கால்நடைத் தீவனத்துக்கு உலகமே சோயாவைத் துரத்தியது. டாலர் மதிப்பு இறங்கியதால் அமெரிக்கத் தானியம் வெளிநாட்டாருக்கு மலிவானது, உள்நாட்டில் குறைந்தது. ஏப்ரலில் இல்லத்தரசிகள் இறைச்சியைப் புறக்கணித்துப் போராடினார்கள். ஜூனில் நிக்சன் மறுபடியும் அறுபது நாள் விலையை உறைய வைத்தார். இம்முறை பண்ணைக்காரர்கள் கேட்கவில்லை. தீவனம் விலை ஏறுகிறது, கோழி விலை ஏறக் கூடாது என்றால் என்ன செய்வது? டெக்சஸில் ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிக்குஞ்சுகளைத் தண்ணீர்ப் பீப்பாயில் அமிழ்த்திக் கொன்றதைத் தொலைக்காட்சி காட்டியது. மாடுகளைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். இறைச்சிக் கடை அலமாரிகள் காலியாயின. விலைக் கட்டுப்பாட்டின் எதிர்ப்பாளர்கள் நூறு கட்டுரை எழுதிச் சொல்ல முயன்றதை அந்தக் குஞ்சுகள் ஒரே இரவில் சொல்லிவிட்டன.

அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த எண்ணெய் 1974 ஜனவரிக்குள் பன்னிரண்டை நெருங்கியது. ஏப்ரலில் கட்டுப்பாட்டுச் சட்டம் காலாவதியானது. ஆகஸ்டில் நிக்சன் பதவியிலிருந்து விலகினார், விலைவாசிக்காக அல்ல, வாட்டர்கேட்டுக்காக. ஆகவே 1974-இன் 11 சதவீதத்துக்காக அவரை வாக்காளர் ஒருபோதும் விசாரிக்கவில்லை. அந்தத் தண்டனையில் ஒரு பங்கை, அடுத்து வந்த ஜெரால்ட் ஃபோர்டு 1976-இல் அனுபவித்தார்.

*

கார்ட்டரின் கதையில் முதலில் அவருக்கே ஒரு குட்டு வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 1976 பிரச்சாரத்தில் வேலையின்மை விகிதத்தையும் விலையேற்ற விகிதத்தையும் கூட்டி, பாருங்கள் ஃபோர்டின் லட்சணம் என்று நாட்டுக்குக் காட்டியவர் அவர்தான். அந்தக் கூட்டுத்தொகை அப்போது 13 அளவில் இருந்தது. 1980-இல் அவருடைய சொந்தக் கூட்டுத்தொகை இருபதைத் தாண்டியது. ரேகன் அதே அளவுகோலை எடுத்து அவரையே அளந்தார்.

பதவிக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் கார்ட்டருக்கு முதல் கவலை வேலையின்மைதான். விலையேற்றத்தின் மீது கண் பதிந்தது 1978 அக்டோபரில். சம்பளத்துக்கும் விலைக்கும் தாமாகவே வரம்பு வைத்துக்கொள்ளும்படி வேண்டுகோள் விடுத்தார். கேட்பவர் கேட்கலாம், கேட்காதவர் விடலாம் என்ற வகை வேண்டுகோள் எவ்வளவு தூரம் போகும்? பர்ன்ஸின் இடத்தில் 1978-இல் அவர் அமர்த்திய வில்லியம் மில்லர் தொழிற்சாலை நடத்தியவர், வட்டியை உயர்த்துவதில் தயங்கியவர். விலையேற்றம் 1977-இல் 6.5, அடுத்த ஆண்டு 7.6, அதற்கடுத்த ஆண்டு 11.3. இதில் ஈரானியப் புரட்சியின் பங்கு உண்டு. அது தொடங்குமுன்னே ஏணி வைத்தாகிவிட்டது என்பதையும் மறைக்க முடியாது.

இந்த நிர்வாகத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஆல்ஃபிரட் கான். விலையேற்றத்தை எதிர்க்கும் பொறுப்பைக் கார்ட்டர் இவரிடம் ஒப்படைத்திருந்தார். பேராசிரியர், வாயில் வந்ததைப் பேசுகிறவர். இப்படியே போனால் பெருமந்தம் வரும் என்று ஒருமுறை சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகை பதறி, அந்தச் சொல்லையே உச்சரிக்காதீர்கள் என்றது. சரி, இனி அதை வாழைப்பழம் என்று சொல்கிறேன் என்று அறிவித்து, கடந்த நாற்பத்தைந்து ஆண்டில் காணாத வாழைப்பழம் வரப்போகிறது என்கிற ரீதியில் பேசத் தொடங்கினார். வாழைப்பழக் கம்பெனி ஒன்று ஆட்சேபித்ததும், வேறொரு சிறுபழத்துக்கு மாறிக்கொண்டார். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். விலைவாசியை எதிர்க்க அமர்த்தப்பட்டவருக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு அதிகாரம் ஏதும் பெரிதாக இல்லை என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

ஆனால் இதே கானின் உழைப்பால் 1978-இல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. 1980-இல் லாரிக்கும் ரயிலுக்கும் அதே வழி. பயணமும் சரக்குக் கூலியும் பின்னாளில் மலிந்ததற்கு இவை காரணம். அந்த மலிவை அனுபவித்த ஆட்சிகள் வேறு.

1979 கோடையில் பெட்ரோல் வரிசை. கலிஃபோர்னியாவில் வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள் ஒதுக்கினார்கள். கார்ட்டர் ஆட்சியின் படமாக அமெரிக்கர் மனதில் இன்றும் நிற்பது அந்த வரிசைதான். அந்த வரிசையின் தலைமாட்டில் நிக்சன் நிற்கிறார் என்பது பலருக்கு நினைவில்லை. 1971-இல் போட்ட விலைப் பூட்டு மற்ற எல்லாப் பொருளுக்கும் 1974-இல் திறந்தது, எண்ணெய்க்கு மட்டும் திறக்கவில்லை. 1973 நவம்பரில் நிக்சன் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம், எந்தப் பகுதிக்கு எவ்வளவு எண்ணெய் என்பதைப் பழைய ஆண்டுகளின் கணக்கைப் பார்த்து அரசே பங்கிட வைத்தது. தட்டுப்பாட்டுக்குப் பயந்து மக்கள் விடுமுறைப் பயணத்தைக் குறைத்துக்கொண்டு ஊரோடு இருந்தபோது, நெடுஞ்சாலை பங்க்குகளில் பெட்ரோல் தேங்கியது, நகரத்தில் வரிசை நீண்டது. ஈரானால் எண்ணெய் விலை ஏறியது. வரிசை வாஷிங்டனில் தயாரானது. இந்தப் பூட்டைப் படிப்படியாகத் திறக்க 1979 ஏப்ரலில் முடிவெடுத்தவர் கார்ட்டர். 1981 ஜனவரி 28 அன்று, பதவியேற்ற எட்டாம் நாள், மிச்சமிருந்த கொக்கியை ரேகன் கழற்றினார். பெட்ரோல் விலை இறங்கத் தொடங்கியபோது கைதட்டல் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே 1979 ஜூலையில் கார்ட்டர் நாட்டின் தன்னம்பிக்கை தளர்ந்ததைப் பற்றி ஒரு நீண்ட உரை ஆற்றினார், அடுத்த சில நாளில் அமைச்சரவையையே கலைத்துப் போட்டார். மில்லரை நிதியமைச்சராக்கியதில் ஃபெடரல் ரிசர்வ் நாற்காலி காலியானது. சந்தை நடுங்கியது. யாரையாவது நம்பகமானவரை உட்கார வைத்தாக வேண்டும். நியூயார்க்கிலிருந்து வோல்கரை வரவழைத்தார்கள், கேம்ப் டேவிட்டில் நிக்சனோடு இருந்த அதே நெட்டை மனிதர். அவர் அதிபர் எதிரில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த மில்லரைக் காட்டி, இவரைவிட இறுக்கமான கொள்கையைத்தான் நான் நடத்துவேன் என்று சொன்னார். இந்த வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே ஊர் திரும்பினார். மறுநாள் அழைப்பு வந்தது.

இதைத் தியாகம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. கார்ட்டர் அப்போது நெருக்கடியில் இருந்தார், சந்தையைச் சமாதானப்படுத்த ஓர் ஆள் தேவைப்பட்டார். ஆனால் அந்த ஆள் என்ன செய்வார் என்று அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லப்பட்டிருந்தது. தெரிந்தே கையெழுத்திட்டார். நிக்சன் பர்ன்ஸைத் தேர்ந்தெடுத்ததும் தெரிந்தேதான்.

1979 செப்டம்பர் 30 அன்று பெல்கிரேடில் நடந்தது, நாடகாசிரியர் எழுதினால் மிகை என்று வெட்டிவிடக்கூடிய காட்சி. உலக வங்கி, பன்னாட்டு நிதியம் ஆகியவற்றின் கூட்டத்துக்கு வந்தவர்கள் முன்னால் ஓய்வுபெற்ற பர்ன்ஸ் உரையாற்றினார். மத்திய வங்கிகள் நினைத்திருந்தால் விலையேற்றத்தை நிறுத்தியிருக்கலாம், ஆனால் காலத்தின் அரசியல் அவற்றை விடவில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். ஏறத்தாழ ஒரு வாக்குமூலம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வோல்கரும் ஒருவர். கூட்டம் முடியுமுன்பே வாஷிங்டன் திரும்பினார். அக்டோபர் 6, சனிக்கிழமை மாலை, பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இனி பணத்தின் அளவைக் கட்டுப்படுத்துவோம், வட்டி எங்கே போகுமோ போகட்டும் என்ற பொருளில் அறிவித்தார்.

வட்டி இருபது சதவீதம் வரை போனது. இங்கே ஒரு வினோதம். அந்தக் காலத்து விலைவாசிக் குறியீட்டில் வீட்டுக் கடன் வட்டியும் நேரடியாகச் சேர்ந்திருந்தது. விலையேற்றத்தை அடக்க வோல்கர் வட்டியை ஏற்ற ஏற்ற, குறியீடு இன்னும் மேலே போனது. கசாயமே காய்ச்சலாகக் கணக்கில் ஏறியது. 1980 மார்ச்சில் ஓராண்டு விலையேற்றம் 14.8 சதவீதம் என்று வந்ததில் இந்தக் கணக்குமுறைக்கும் ஒரு பங்கு உண்டு. 1983-இல் முறையை மாற்றினார்கள். புதிய முறையில் திரும்பக் கணக்கிட்டால் அந்த உச்சம் சில புள்ளிகள் தாழ்வாகவே தெரிகிறது. கார்ட்டர் தேர்தலைச் சந்தித்தது பழைய முறையோடு.

1980 மார்ச்சில் கார்ட்டர் தன் பங்குக்குக் கடன் கட்டுப்பாடுகளையும் அறிவித்தார். மக்கள் அதை அரசு எதிர்பார்த்ததைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். கிரெடிட் கார்டை இரண்டாக வெட்டி வெள்ளை மாளிகைக்கே தபாலில் அனுப்பியவர்கள் உண்டு. வாங்குவது சட்டென்று நின்றது, பொருளாதாரம் சரிந்தது, கோடைக்குள் கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டார்கள். இது கார்ட்டரின் சொந்தச் சொதப்பல். வோல்கருக்கே இதில் விருப்பம் இருக்கவில்லை.

இப்போது இரண்டு இலையுதிர் காலங்களை அடுத்தடுத்து வைக்கலாம். 1972 அக்டோபரில் நிக்சனின் வாக்காளர் வீட்டுக்கு இருபது சதவீதம் ஏறிய காசோலையும் துண்டுச் சீட்டும் வந்தன. 1980 செப்டம்பர் கடைசியில், தேர்தலுக்கு ஆறு வாரம்கூட இல்லாதபோது, கார்ட்டர் அமர்த்திய வோல்கர் வட்டியை மறுபடியும் ஏற்றினார். அக்டோபர் தொடக்கத்தில் கார்ட்டர் ஒரே ஒருமுறை வாய்விட்டு, இப்படிப் பணத்தை மட்டுமே பிடித்து இறுக்குவது சரியான வழியல்ல என்ற பொருளில் பொதுவில் முணுமுணுத்தார். அவ்வளவுதான். பொய்ச் செய்தி கசியவில்லை, யாரும் யாரையும் அறைக்குக் கூப்பிட்டு மிரட்டவில்லை. அக்டோபர் 28 விவாத மேடையில் ரேகன் மக்களைப் பார்த்து, நான்கு ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா, கடையில் போய் ஒன்றை வாங்குவது எளிதாகிவிட்டதா என்று கேட்டார். நவம்பர் 4-இல் 44 மாநிலங்கள் பதில் சொல்லின.

*

எண்ணெய்தானே எல்லாவற்றுக்கும் காரணம், இரண்டு அதிபர்களையும் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். எண்ணெயை முழுதும் வெளியிலிருந்து வாங்கிய ஜப்பானில் 1974-இல் விலைவாசி 23 சதவீதம் ஏறியது. பிரிட்டனில் அடுத்த ஆண்டு 24. இதைப் பார்த்தால் நிக்சன் ஓரளவு தப்பித்துக்கொள்வார். ஆனால் மேற்கு ஜெர்மனியும் அதே எண்ணெயை அதே விலைக்குத்தான் வாங்கியது. அங்கே 1974-இல் ஏற்றம் 7 சதவீத அளவிலேயே நின்றது. அமெரிக்கா 13.5 சதவீதத்தில் திணறிய 1980-இல் ஜெர்மனியில் ஆறைக்கூடத் தொடவில்லை. ஜெர்மானியருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய்க் கிணறு கிடையாது, கையில் பிடிவாதமான ஒரு மத்திய வங்கி இருந்தது, அதன் வழியில் அரசியல்வாதிகள் குறுக்கிடுவது குறைவு. எண்ணெய் ஒருமுறை விலையை உயர்த்தும். அதை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போக வைப்பதற்கு உள்ளூர்ப் பணம் வேண்டும்.

அதனால்தான் அதிபரின் கணக்கில் எதை எழுதுவது என்று கேட்டால், பெட்ரோல் விலையையும் கறி விலையையும் விட்டுவிட்டு, பண நாற்காலியில் யாரை உட்கார வைத்தார், உட்கார வைத்த பிறகு அவரை என்ன செய்தார் என்பதையே முதலில் எழுதுவேன். இந்தக் கணக்கில் நிக்சனுக்கு வாக்காளர் கொடுத்ததைவிட அதிகப் பழி சேரும். கார்ட்டருக்கு முதல் இரண்டரை ஆண்டுக்குப் பழியும், கடைசி ஒன்றரை ஆண்டுக்கு அவர் கண்ணால் பார்க்காத புகழும் சேரும். ரேகனுக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறுப்பது நேர்மையல்ல. 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதத்துக்குப் போனது. கட்டடக்காரர்கள் வேலையில்லாத மரச்சட்டங்களை வோல்கருக்குத் தபாலில் அனுப்பினார்கள், கார் விற்பவர்கள் விற்காத வண்டிச் சாவிகளைச் சவப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். ரேகனின் சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு. ஆனாலும் அவர் வோல்கரைத் தொடரவிட்டார், 1983-இல் மறுபடி நியமித்தார். ரேகனுக்கு இருந்த வசதி நாள்காட்டி. கசப்பு முழுவதும் பதவிக்காலத்தின் முன்பாதியில் விழுந்தது, அறுவடைக்கு இரண்டு ஆண்டு மிச்சமிருந்தது. கார்ட்டருக்குக் கிடைத்தது பதினைந்தே மாதம்.

அண்மைக் காலமும் இதையேதான் வேறு மேடையில் ஆடியது. 2020-இல் கொரோனா நிவாரணக் காசோலைகளில் டொனால்ட் டிரம்ப்பின் பெயர் அச்சாகி வந்தது, நிக்சனின் துண்டுச் சீட்டுக்குப் பேரப்பிள்ளை. 2021 மார்ச்சில் ஜோ பைடன் 1.9 லட்சம் கோடி டாலரை இறக்கினார். 2022 ஜூனில் விலையேற்றம் 9.1 சதவீதம். அந்த அக்டோபரில் பைடன் இல்லாத பிரிட்டனில் 11.1. பைடன் ஃபெடரல் ரிசர்வைத் தொடாமல் விட்டார், வட்டி ஏறியது, 2024 தேர்தலுக்குள் விலையேற்றம் மூன்றுக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் விலை ஏறுகிற வேகம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. ஏறிய முட்டை ஏறிய இடத்திலேயே இருந்தது. புள்ளிவிவரக்காரர் வேகத்தைப் பார்க்கிறார், சமைக்கிறவர் விலையைப் பார்க்கிறார். வாக்குரிமை இருவருக்கும் ஒன்றுதான் என்றாலும் சமைக்கிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம்.

வோல்கர் 2019-இல் காலமானார், கார்ட்டர் நூறு வயது கண்டு 2024 டிசம்பரில். தன் வட்டிக் கொள்கைதான் அவரைத் தோற்கடித்ததா என்ற பேச்சு பின்னாளில் வோல்கரைத் தொடர்ந்துகொண்டே இருந்தது. ஈரானில் 444 நாள் பிணையாக இருந்த அமெரிக்கர்கள், எட்டு ஹெலிகாப்டர்களோடு போய் பாலைவனத்தில் முடிந்த மீட்பு முயற்சி, சொந்தக் கட்சிக்குள் எட்வர்ட் கென்னடியின் எதிர்ப்பு எல்லாம் அந்த 1980 தேர்தலை ஒட்டி வந்தவை. கார்ட்டரிடமே ஒருமுறை இதைக் கேட்டபோது, அவர் முகத்தில் ஒரு கோணல் புன்னகை படர்ந்ததாக வோல்கர் நினைவுகூர்ந்திருக்கிறார். வேறு சில காரணங்களும் இருந்தன என்று மட்டும் சொன்னாராம்.